ஆடுவதற்கே சம்பளம் கேட்போம்

விருதுநகர் மாவட்டத்தில் பெண் பிள்ளைகளுக்கான கால்பந்துப் போட்டி எங்கே நடந்தாலும் பரிசளிப்பு மேடையில் ஒரு பேச்சு உண்டு. பேசுகிறவர் மாறுவார், பேச்சு மாறாது. "நல்லா விளையாடுங்கம்மா. ஆனா படிப்பை விட்டுறாதீங்க. சர்டிபிகேட்டைப் பத்திரமா வச்சுக்கங்க. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல போலீஸோ ரயில்வேயோ ஏதாவது ஒண்ணு கிடைச்சிரும்." கூட்டம் கைதட்டும். வீடு திரும்பும் அம்மா அந்தச் சான்றிதழை நெகிழித்தாள் உறைக்குள் போட்டு பீரோவில், ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் வைப்பார்.

"பொம்பளப் பிள்ளைக்கு டவுசர் போட்டு ஓட்டம் எதுக்கு?" என்ற பழைய கேள்வியை நான் இங்கே எடுக்கப் போவதில்லை. அதை மேடையில் கேட்கும் துணிச்சல் இன்று யாருக்கும் இல்லை. என் சண்டை மேலே சொன்ன அன்பான பேச்சோடுதான். நல்ல மனசோடு சொல்லப்படுவதாலேயே அதை யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை. அந்தப் பேச்சில் பந்து ஒரு பஸ் டிக்கெட். இறங்கும் இடம் வந்ததும் கிழித்துப் போட்டுவிடலாம். ஆடுவது ஒரு தொழில், அதற்கென்று கூலி உண்டு, பதினைந்து ஆண்டு நீளும் ஒரு வாழ்க்கை அதற்குள் இருக்கிறது என்ற எண்ணத்துக்கு அந்தப் பேச்சில் இடமே கிடையாது.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்துப் பிள்ளைகளில் கணிசமானவர்களின் தாய்மார்கள் பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டிக்கோ போகிறவர்கள். குழாய் உருட்டுவதும், திரி வைப்பதும், பெட்டி ஒட்டுவதும் எண்ணிக்கைக் கூலி. கை ஓடினால் காசு. உடம்புக்கு முடியாமல் ஒருநாள் படுத்தால் அன்றைக்கு ஒன்றுமில்லை. மாதம் முதல் தேதி சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள சீருடை வேலை அந்த அம்மாவின் கண்ணுக்கு என்னவாகத் தெரியும் என்று விளக்க வேண்டியதில்லை. அந்த ஆசையைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை.

ஆனால் கணக்கைப் பார்க்கலாம். தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீடு 3 விழுக்காடு. அதற்குள் எத்தனை விளையாட்டுகள், எத்தனை மாவட்டங்கள், எந்தெந்த மட்டத்துப் பதக்கங்கள் என்று பாருங்கள். மாவட்டப் போட்டியில் கோப்பை வாங்கிய பதினாறு வயதுப் பெண்ணுக்கு அந்த வாசல் தானாகத் திறந்துவிடாது. உறுதியான வழி என்று மேடையில் சொல்லப்படுவது உண்மையில் மிகச் சிலருக்கு விழும் சீட்டு. அந்தச் சீட்டு விழாத பெண்ணுக்கு இந்தப் பேச்சில் பதிலே இல்லை. இருபது வயதில் அவள் பந்தை விட்டுவிட வேண்டியதுதான். ஏனென்றால் எதற்காக ஆடினாளோ அது கிடைக்கவில்லை!

உறுதி என்றால் என்ன என்பதையும் இந்த மண்ணில்தான் சரியாகக் கேட்க முடியும். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் கலந்த பட்டாசுக்கும் தடை போட்டது. அந்தத் தீபாவளி முடிந்ததும் ஆலைகள் மூடப்பட்டன. மாதக்கணக்கில் வேலை இல்லை; பல லட்சம் பேர் பிழைப்பு நின்றது. அடுத்த மே மாதம், இதே மாவட்டத்தோடு வேர் கொண்ட ஒரு பெண்கள் அணி இந்தியாவின் சாம்பியன் ஆனது. நிச்சயமான பிழைப்பு என்று நாம் நினைத்தது ஒரு தீர்ப்பில் நின்றது. நிச்சயமில்லாதது என்று ஒதுக்கிய ஆட்டம் கோப்பையோடு வந்தது. இதிலிருந்து ஆட்டம்தான் பாதுகாப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பிழைப்பின் நிச்சயத்தை முன்வைத்து விளையாட்டை ஒதுக்குகிறவர்கள், பட்டாசு வட்டாரத்தில் நின்றுகொண்டு அதைச் சொல்லும்போது கொஞ்சம் யோசிக்கலாம்.

அந்த அணி சேது எஃப்.சி. மதுரை அணி என்றுதான் பெயர். ஆனால் அதன் பின்னால் நிற்கும் சேது பொறியியல் கல்லூரி இருப்பது காரியாபட்டிக்குப் பக்கத்தில் புல்லூரில். அதாவது விருதுநகர் மாவட்டத்தில். 2019 மே 22 அன்று லூதியானாவில் நடந்த இந்தியப் பெண்கள் லீக் இறுதிப் போட்டியில் சேது அணி மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்றது. மணிப்பூர் என்பது இந்தியப் பெண்கள் கால்பந்தின் தாய்வீடு. அங்கிருந்து வந்த அணியை, அதுவும் இறுதிப் போட்டியில், வறண்ட கரிசல் காட்டுப் பக்கத்து அணி ஒன்று தோற்கடித்தது. அந்தக் கோப்பைக்கு நம் ஊர்த் தெருக்களில் வைக்கப்பட்ட பேனர்களை எண்ணுவதற்கு ஒரு கை விரல்களே அதிகம்.

அந்தத் தொடரில் சேதுவுக்குக் கோல் மேல் கோல் அடித்தவர் நேபாளத்துச் சபித்ரா பண்டாரி. பிறகு இஸ்ரேலுக்குப் போனார். 2024-இல் பிரான்சின் கேங்கோன் அணிக்குப் போனார். நேபாளத்து மலைக் கிராமத்துப் பெண் ஒருத்தியின் தொழில்வாழ்க்கை காரியாபட்டி வழியாக ஐரோப்பாவுக்குப் போயிருக்கிறது. காரியாபட்டியிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் பள்ளி மைதானத்தில் நாம் கோட்டாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அன்பான பேச்சுக்காரர்கள் தங்கள் சாட்சியாக எப்போதும் கூப்பிடும் பெயர் இந்துமதி கதிரேசன். கடலூர்ப் பெண், இந்திய அணியின் நடுக்கள வீராங்கனை, தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். "பார்த்தீங்களா, பந்து ஆடினதால வேலை கிடைச்சது" என்பார்கள். சரி, வேலை கிடைத்த பிறகு அவர் என்ன செய்தார்? 2020 ஊரடங்கில் சென்னையில் காக்கிச் சட்டையோடு ரோட்டில் நின்ற அதே இந்துமதி, 2023 ஜூனில் அமிர்தசரஸில் தமிழ்நாட்டுக்காக ஆடினார். இறுதிப் போட்டியில் ஹரியானாவை 2-1 என்று வென்று தமிழ்நாடு இரண்டாவது முறையாகத் தேசிய சாம்பியன் ஆனது. இறங்கும் இடம் போலீஸ் வேலைதான் என்றால், அது வந்தபின் எதற்காக அவர் இன்னும் வியர்த்துக்கொண்டிருந்தார்? வேலை அவருக்கு ஆட்டத்தைத் தொடர்வதற்கான சோறு. வேலைக்காக ஆட்டம் என்று நீங்கள் சொல்வதை அவருடைய வாழ்க்கையே மறுக்கிறது. சாட்சி என் பக்கம் வந்து நிற்கிறார்.

மணிப்பூர் போலீஸையும் இப்படித்தான் படிக்க வேண்டும். அந்தத் துறை பெண்களை வேலைக்கு எடுத்து, அவர்களைக் கொண்டே அணி கட்டி, ஆட அனுப்புகிறது. காகிதத்தில் காவலர் சம்பளம். உண்மையில் ஆட்டத்துக்குச் சம்பளம். அந்தத் துறையிலிருந்த பாலாதேவி 2020 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் அணியில் தொழில்முறை ஒப்பந்தம் போட்டார். அங்கே வேலை ஆட்டத்தை முடித்து வைக்கவில்லை. ஒருத்தியின் நேரத்துக்கும் உடம்புக்கும் மாதாமாதம் பணம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

இனி அந்தப் பெரிய வாதம். "யாரும் பார்க்கிறதில்லையே. கூட்டம் வந்தால் காசு வரும். காசு வந்தால் சம்பளம் வரும். முதலில் கூட்டம் வரட்டும்." வியாபாரப் பூமியில் இந்த வாதம் சட்டென்று எடுபடும். ஆனால் இது சரித்திரத்தில் பொய்.

முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில் டிக், கெர் என்ற தொழிற்சாலை. டிராம் வண்டி செய்துகொண்டிருந்த ஆலை போருக்காகத் தளவாடம் செய்யத் தொடங்கியது. ஆண்கள் போர்முனைக்குப் போக, பெண்கள் உள்ளே வந்தார்கள். ஆமாம், குண்டு செய்கிற ஆலைப் பெண்கள். சிவகாசிக்காரர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படிக்கலாம். உணவு இடைவேளையில் பந்து உதைத்த அந்தப் பெண்கள் 1917 கிறிஸ்துமஸ் அன்று முதல் ஆட்டம் ஆடினார்கள். பார்க்க வந்தவர்கள் பத்தாயிரம். ஆட்டத்துக்கு ஆளுக்குப் பத்து ஷில்லிங் கிடைத்தது. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் அவர்கள் ஆடியபோது உள்ளே 53,000 பேர். இடமில்லாமல் வெளியே நின்றவர்கள் ஆயிரக்கணக்கில். கூட்டம் வந்தது. காசும் வந்தது, அதில் பெரும்பகுதி தர்ம காரியங்களுக்குப் போனது. அடுத்த ஆண்டு, 1921 டிசம்பர் 5 அன்று, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்பு மைதானங்களில் பெண்கள் ஆடக்கூடாது என்று தடை போட்டது. அந்தத் தடை ஏறத்தாழ ஐம்பது ஆண்டு நீடித்தது. கூட்டம் இல்லாததால் பெண்கள் ஆட்டம் செத்தது என்கிறவர்களுக்கு இந்தத் தேதிகளைக் காட்டுங்கள். கூட்டம் இருந்தபோதுதான் கொன்றார்கள்.

கூட்டம் வருவதற்கு முன்பே சம்பளம் கொடுத்தால் என்ன நடக்கும்? அதற்குத் தெற்கே ஆஸ்திரேலியாவைப் பார்க்கலாம். அங்கே நம் கால்பந்து இல்லாத வேறொரு ஃபுட்பால் உண்டு. முட்டை வடிவப் பந்து, நீள்வட்ட மைதானம், இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். கையால் குத்தியும் காலால் உதைத்தும் ஆடலாம், எதிராளியை மோதிக் கீழே தள்ளலாம். நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலாக ஆண்களின் கோட்டையாக இருந்த ஆட்டம். அதில் பெண்களுக்கான தேசிய லீக் 2017 பிப்ரவரி 3 அன்று மெல்பர்னில் தொடங்கியது. முதல் ஆட்டத்துக்கு 24,568 பேர் வந்து நிரம்ப, கேட்டைப் பூட்ட வேண்டியதாயிற்று. லீக்கின் தலைமை அதிகாரியே வெளியே வந்து, உள்ளே விட முடியாதவர்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

அந்த முதல் ஆண்டில் சாதாரண வீராங்கனைக்குக் கிடைத்தது 8,500 ஆஸ்திரேலிய டாலர். அந்த நாட்டு விலைவாசிக்கு அது வாடகைக்கே காணாது. பகலில் வேறு வேலை, சாயங்காலம் பயிற்சி. மெல்பர்ன் அணித் தலைவி டெய்சி பியர்ஸ் பிரசவம் பார்க்கும் செவிலியாக வேலை பார்த்தவர். 2022-இல் அவர் தலைமையில் மெல்பர்ன் கோப்பை வென்றது. இப்போது வெஸ்ட் கோஸ்ட் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர். அடிலெய்டின் எரின் பிலிப்ஸ் கூடைப்பந்தில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிவிட்டு முப்பது வயதுக்கு மேல் இந்த ஆட்டத்துக்கு வந்தவர். இரட்டைக் குழந்தைகளின் தாய். 2019 இறுதிப் போட்டியில் அடிலெய்டு மைதானத்தில் 53,034 பேர். ஆட்டத்தின் நடுவில் முழங்கால் தசைநார் கிழிந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனபோது மைதானமே எழுந்து நின்று கைதட்டியது.

என் எதிர்க்கட்சி இந்த இடத்தில் குறுக்கிடலாம். "அந்தக் கூட்டத்துக்கு டிக்கெட்டே கிடையாது, இலவசம். அப்புறம் கூட்டமும் குறைஞ்சு போச்சு." இரண்டுமே உண்மை. ஆரம்பக் காலத்தில் அனுமதி இலவசம். அணிகள் எட்டிலிருந்து பதினெட்டாகப் பெருகிய பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வருகிறவர்கள் குறைந்தார்கள். ஆனால் சம்பளம் என்ன ஆனது? 2023-இல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்துப் போட்ட ஒப்பந்தத்தில் பெண்களின் சராசரிச் சம்பளம் சுமார் 60,000 டாலராக உயர்ந்தது. 2027-க்குள் 82,000 என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். கூட்டம் இறங்கியது, சம்பளம் ஏறியது. வாசலில் விற்ற டிக்கெட்டை எண்ணி அந்தச் சம்பளத்தை யாரும் நிர்ணயிக்கவில்லை. இந்த ஆட்டம் நாளைக்கு இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, ஆண்கள் ஆட்டத்தின் தொலைக்காட்சிப் பணம் உட்பட மொத்த வருமானத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். வீராங்கனைகளும் சங்கமாக நின்று கேட்டு வாங்கினார்கள்.

வெளிநாட்டுக் கதை என்று தள்ள வேண்டாம். பெண்கள் கிரிக்கெட்டில் என்ன நடந்தது? 2022 அக்டோபரில் ஆட்டக் கட்டணத்தை ஆண்களுக்குச் சமமாக்கினார்கள். 2023 ஜனவரியில் பெண்கள் பிரீமியர் லீக்கின் ஐந்து அணிகள் 4,669.99 கோடி ரூபாய்க்கு ஏலம் போயின. அப்போது அந்த லீக்கில் ஒரு பந்துகூட வீசப்படவில்லை. பணம் முதலில் வந்தது. 2025 நவம்பர் 2 அன்று இந்தியப் பெண்கள் உலகக் கோப்பையை வென்றபோது, அதற்கு முன்பு அவர்களை ஏறெடுத்துப் பார்க்காத வீடுகளில்கூட இரவு நெடுநேரம் தொலைக்காட்சி அணையவில்லை.

கால்பந்தில் மட்டும் நாம் கூட்டத்துக்காகக் காத்திருக்கிறோம். அந்தக் கூட்டம் வருவதற்கு என்ன வாய்ப்புக் கொடுத்தோம்? 2019-இல் சேது வென்ற லீக் முழுவதும் லூதியானா ஒரே ஊரில், மூன்று வாரத்துக்குள் முடிந்தது. மூன்று வாரம்! இந்தியாவின் முதல்தர வீராங்கனைக்கு ஆண்டில் மீதி நாளெல்லாம் அணியும் இல்லை, ஆட்டமும் இல்லை. சேதுவின் சொந்த ஊர்க்காரன் தன் அணியைப் பார்க்க வேண்டுமானால் பஞ்சாபுக்கு ரயில் ஏற வேண்டும். இப்படி ஒரு ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, பார்க்க ஆளில்லை என்று சொல்ல வாய் கூச வேண்டாமா?

நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2024-25 லீக்கில் எட்டு அணிகள் உள்ளூரிலும் வெளியூரிலும் மோதின. ஒவ்வொன்றுக்கும் 14 ஆட்டம். லீக் அணிகள் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்காவது ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத ஒப்பந்தம் தர வேண்டும் என்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2023-இல் அறிவித்தது. சின்னத் தொகைதான். ஆனால் ஆடுவதற்கே சம்பளம் என்பது அதில் எழுத்தில் இருக்கிறது. 2025 ஜூலையில் தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வென்று, 2026 ஆசியக் கோப்பைக்கு இந்தியப் பெண்கள் தகுதி பெற்றார்கள். தகுதிச் சுற்றில் ஆடி வென்று அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல் முறை.

அடிபட்டால் என்ன ஆகும் என்பார்கள். நியாயமான பயம். ஆனால் அது என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. எரின் பிலிப்ஸுக்கு ஒப்பந்தம் இருந்தது. முழங்காலைச் சரிசெய்துகொண்டு திரும்ப வந்து, 2022 தொடக்கத்தில் இன்னொரு கோப்பையும் வென்றார். சான்றிதழுக்காக ஆடும் நம் பெண்ணுக்கு முழங்கால் போனால் ஸ்கேன் எடுக்கும் செலவே அப்பாவின் கடன். அடிபடுவதற்கு எதிரான பாதுகாப்பு ஆடாமல் இருப்பது என்றால், நம் வட்டாரத்தில் பெண்கள் எந்த வேலைக்குமே போக முடியாது. முதலிப்பட்டி, அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடிவிபத்துகளை மறந்துவிட்டா இதைப் பேசுகிறோம்?

"நம்ம மண்ணுல கால்பந்து கிடையாதே" என்பது கடைசி அம்பு. மண்ணில் எதுவும் தானாக முளைப்பதில்லை. கடலூரில் இந்திய வீராங்கனை சந்தியா ரங்கநாதனும் இந்துமதியும் இன்னும் பலரும் எழுந்து வந்தது, அங்கே மாரியப்பன் என்ற பயிற்சியாளரும், விடுதியும், இந்திரா காந்தி விளையாட்டு அகாடமியும் இருந்ததால். பக்கத்திலேயே கோவில்பட்டி. அதுவும் தீப்பெட்டி ஊர், அதுவும் கரிசல் காடு. அங்கே சின்னப் பையன்கள் கையில் ஹாக்கி மட்டை எப்படி வந்தது? உள்ளூர்ப் பணக்காரர்களும் பள்ளிகளும் பல காலம் செலவழித்தார்கள். லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டிக்கு நாடெங்கிலுமிருந்து அணிகள் அந்த ஊருக்கு வருகின்றன. மாரீஸ்வரன் சக்திவேல் இந்திய அணிக்கு ஆடினார். ஹாக்கி என்ன கரிசலில் விளைகிற பயிரா?

சேது அணியைப் பற்றியும் முணுமுணுப்பு உண்டு. கல்லூரிக்கு விளம்பரம்தானே என்று. இருக்கட்டுமே. விளம்பரத்தைப் பற்றிச் சிவகாசி வாய் திறக்கலாமா? பட்டாசுப் பெட்டி மேல் நடிகை படம், காலண்டரில் கடவுள் படம் என்று அச்சடித்தே வளர்ந்த ஊர். அந்தப் பெட்டியின் மேல் ஒரு கால்பந்து வீராங்கனை இருந்தால் வெடி வெடிக்காதா?

விருதுநகருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. அதை நினைவூட்டுவது என் கடமை. மகமை என்று வியாபாரத்தில் ஒரு பங்கை ஊருக்கு எடுத்து வைத்த ஊர் இது. வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கிப் பள்ளிக்கூடம் நடத்திய ஊர். காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை அப்படி வளர்ந்த பள்ளி. அந்த அரிசியை அளந்து போட்ட பெண்கள், முதலில் பள்ளிக்கூடம் லாபம் காட்டட்டும், பிறகு அரிசி போடுகிறோம் என்று சொல்லவில்லை. பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள், அரிசி வந்தது.

கணக்கு இதுதான். ஒரு அணிக்கு 25 பேர். எல்லோருக்கும் அந்தக் குறைந்தபட்ச ஒப்பந்தமான 3.2 லட்சத்தையே கொடுத்தாலும் ஆண்டுக்கு 80 லட்சம். சிவகாசிப் பட்டாசு வியாபாரம் ஆண்டுக்கு 6,000 கோடி என்று தீபாவளிதோறும் உற்பத்தியாளர்கள் தரப்பே சொல்கிறது. அந்த 80 லட்சம் இதில் பத்தாயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட வராது. பயிற்சியாளர், விடுதி, பயணம் என்று இன்னொரு மடங்கு போட்டுக்கொள்ளுங்கள்; அப்போதும் பத்தாயிரத்தில் மூன்று பங்கைத் தாண்டாது. பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் மூன்றும் சேர்ந்தால் யார் பையும் கனம் குறையாது. அடுத்த பரிசளிப்பு விழாவுக்கு மேடையேறப்போகும் முதலாளிமாரிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: சர்டிபிகேட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லும் பேச்சை இந்த வருஷம் விட்டுவிடுங்கள். ஒப்பந்தத் தாளைக் கொண்டு வாருங்கள்.